ஒப்பந்தத் தொழிலாளரும் வேலையிழப்பு உதவியும்

(வேளாங்கண்ணியிற் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியன் ஒருவன் பேச எழுந்தால் சங்க நூலொன்றையோ கம்பன் காவியத்தையோ எடுத்து விரித்துரைப்பான் என்று நீவிர் எதிர்பார்த்தல் இயல்பே. இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் அத்தகையதன்று. வேலையிழந்த தொழிலாளி ஒருவனுக்குச் சட்டம் அளிக்கும் உதவி யாது, அதனைப் பெறுதற்குரிய தகுதி யாது, ஒப்பந்தக்காரர் வழியாக வேலை செய்வோர்க்கு அத்தகுதி உண்டா இல்லையா என்பனவே இன்று ஆராயப் புகுவன. இலக்கணம் பயின்றவர்க்குச் சட்டத்தில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். சட்டமும் சொற்களால் ஆகியதே. அதன் ஒரு சொல்லை நாம் அறியாதிருப்பின் ஒரு குடும்பத்தின் மூன்று திங்கள் உணவு கைவிட்டுப் போகும். ஆதலின் சொல்லாராய்வார்க்கும் ஈண்டு இடமுண்டென்று கருதியே பேசத் துணிந்தோம்.

முதற்கண் இவ்வுதவியின் இயல்பை உணர்தல் வேண்டும். திருவள்ளுவர் நல்குரவு என்னும் அதிகாரத்தை 105ஆம் அதிகாரமாக வைத்து, அதன்பின் இரவையும், அதன்பின் இரவச்சத்தையும் வைத்தார். வறுமை வந்தவன் இரக்க நேரும். இரக்க நேர்ந்த மானமுடையவன் அதற்கு அஞ்சுவான் என்னும் வாழ்க்கை முறையே அவ்வைப்புமுறையில் அமைந்துள்ளது. வேலையிழந்த நம்மவர் பலர் வாய்திறந்து கேளாமைக்கு இவ்வச்சமே காரணம். ஆனால் யாம் இன்று கூறவிருக்கும் உதவி இரந்து பெறுவதன்று. தன் கூலியினின்று திங்கள்தோறும் பிடிக்கப்பட்ட பணமும், தன்பொருட்டு முதலாளி செலுத்திய பணமும் சேர்ந்த பொது நிதியினின்று உரிமையாகப் பெறுவது. இதற்கு அஞ்சுதலும் நாணுதலும் வேண்டுவனவல்ல.

வேலையற்றார்க்கு அரசு செய்யும் உதவிகள் பலவகைப்படும். அவற்றை ஒன்றோடொன்று மயங்கவைத்து நம் மக்கள் இடர்ப்படுகின்றனர். வேலைவாய்ப்பு அலுவலகத்திற் பதிந்து ஐந்தாண்டுகள் காத்திருந்தும் வேலை கிட்டாத இளைஞர்க்குத் தமிழ்நாட்டரசு அளிக்கும் உதவித்தொகை ஒருவகை. அது வேலை பெறாதவர்க்கு உரியது, வேலை பெற்று இழந்தவர்க்கு உரியதன்று. நம் கடற்கரையில் ஏப்பிரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலிற் செல்லாது நிற்கும் தடைக்காலத்தில் மீனவக் குடும்பங்கட்கு அளிக்கப்படும் நிவாரணம் மற்றொரு வகை. அதனை 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023ஆம் ஆண்டில் அறிவிப்பு வந்தது. மூன்றாவதே காப்பீட்டு உதவி. வேலை செய்த காலத்திற் சந்தா செலுத்தியவன் வேலையிழந்த காலத்திற் பெறுவது. ஒப்பந்தத் தொழிலாளரைப் பற்றிய வினா இம்மூன்றாம் வகையைச் சார்ந்தது.

காவிரி நாட்டிற்கு வேலையின்மை புதியதன்று. மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டில் எழுந்தபின் ஜூன் 12ஆம் நாள் நீர் திறத்தலை எதிர்நோக்கி நம் உழவர் ஆண்டுக்கணக்கை வகுத்தனர். குறுவையும் சம்பாவும் தாளடியும் நடவு, களை, அறுப்பு என்று வேலை தருவன. அறுப்பு முடிந்தால் வயல் வெறிச்சென்றாகும், வயிறும் அங்ஙனமே. பண்டு பண்ணையாள் என்று ஒருவன் ஒரு மிராசுதாரின் பண்ணையிற் கட்டுண்டு கிடந்தான். அந்நிலை அடிமைத்தனத்தோடு ஒத்ததே. அதனைப் புகழ்ந்துரைப்பார் எவரும் இன்றில்லை. அவனுக்குப் பாதுகாப்பளிக்கும் நோக்கத்தோடு 1952ஆம் ஆண்டில் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதன்பின் நிகழ்ந்தது யாது? பண்ணையாள் என்னும் முறையே தேய்ந்து, அன்றாடக் கூலி முறை ஓங்கிற்று. சட்டம் ஒரு பெயருடையாரைக் காத்தது. பெயர் மாறியதும் காப்பு நழுவிற்று. இப்படிப்பினையை மனத்திற் கொள்க. ஒப்பந்தத் தொழிலாளர் கதையும் இப்பெயர் மாற்றத்தின் தொடர்ச்சியே.

வயலில் வேலை குறைந்தது. அறுவடை இயந்திரம் வந்தது. நம் குடிகளின் பிள்ளைகள் ஊர்ப்புறத்து வேலைகளை நாடினர். வேளாங்கண்ணி மாதா திருத்தலம் 1962ஆம் ஆண்டிற் பசிலிக்கா என்னும் சிறப்புப் பெற்றது. 2010ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்தினின்று புகைவண்டியும் வந்தது. விடுதிகளும் உணவகங்களும் பெருகின. அறை துப்புரவு செய்வோர், துணி வெளுப்போர், இரவு காவல் காப்போர், சமையற்கட்டில் நிற்போர், சுமை தூக்குவோர் என இங்குள்ள வேலைகளிற் பல இப்போது ஒப்பந்தக்காரர் வழியே நடைபெறுகின்றன. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஊரடங்கு வந்தபோது விடுதிகள் அடைக்கப்பட்டன. ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நிகழும் பெருவிழாவும் அவ்வாண்டு யாத்திரிகர் இன்றியே நடந்தது. அவ்வாறு திங்கட்கள் கழிந்தபோது இவ்வூரில் உழைத்தவர் எத்தகைய துன்பமுற்றனர் என்பதை இங்குள்ளார்க்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவர்களுட் சிலர்க்கு உதவி கிடைத்தது, பலர்க்குக் கிடைக்கவில்லை. ஒரே விடுதியில் ஒரே மாடியை இருவர் துப்புரவு செய்திருப்பினும், ஒருவன் சந்தா ஒழுங்காகச் செலுத்தப்பட்டிருப்பின் அவன் தகுதியுடையவன். மற்றவன் பெயர் எழுதப்படாதிருப்பின் அவன் தகுதியிலான். வேற்றுமை உழைப்பில் இல்லை, ஏட்டில் உள்ளது.

இவ்வேற்றுமையை விளக்க எம் தொழிலுக்குரிய இலக்கணத்தினின்றே ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றோம். 'அரசன் கோயில் கட்டினான்' என்கின்றோம். 'தச்சன் கோயில் கட்டினான்' என்றும் கூறுகின்றோம். முன்னையதில் அரசன் ஏவுதற் கருத்தா. பின்னையதில் தச்சன் இயற்றுதற் கருத்தா. இரண்டும் வழுவற்ற தொடர்களே. ஏவினவனும் வினைக்கு உரியவன் என்பது தமிழிலக்கணத்தின் முடிபு. ஒப்பந்த வேலையில் மூவர் உளர்: வேலையை உடையவர், ஆளைக் கொணரும் ஒப்பந்தக்காரர், உழைக்கும் தொழிலாளி. 'அவன் என் ஆள் அல்லன். காண்டிராக்டரின் ஆள்' என்று விடுதியுடையார் கூறுவது வழக்கம். சட்டம் அங்ஙனம் கூறவில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், அஃதாவது நாம் ஈ.எஸ்.ஐ. என்று வழங்குவது, வேலையுடையாரை முதன்மை முதலாளி என்றும், ஒப்பந்தக்காரரை உடனடி முதலாளி என்றும் பிரித்தது. ஒப்பந்தக்காரர் வழி வந்த தொழிலாளியின் பொருட்டும் முதலாளி பங்கு, தொழிலாளி பங்கு ஆகிய இரண்டையும் முதற்கண் முதன்மை முதலாளியே செலுத்துதல் வேண்டும்; பின்னர் ஒப்பந்தக்காரரிடம் அவர் பெற்றுக்கொள்ளலாம் என்று விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இக்கொள்கையே தொடர்கின்றது. ஏவுதற் கருத்தா பொறுப்பினின்று தப்ப முடியாது என்பதே இதன் சாரம்.

தஞ்சைப் பெருவுடையார் கோயிலை நினைவுகூர்தல் ஈண்டுப் பொருத்தமாகும். 1010ஆம் ஆண்டளவில் இராசராசன் அக்கோயிற்குக் கொணர்ந்த தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர் பெயரும், ஒவ்வொருவரும் குடியிருந்த தெருவும் வீடும், முன்னிருந்த கோயிலும் கல்லில் எழுதப்பட்டுள்ளன. ஒவ்வொருவர்க்கும் பங்கொன்றுக்கு நூறு கலம் நெல் என்பதும், ஒருவர் இறந்தால் அவர் உறவினருள் தகுதியுடையார் அப்பணியையும் பங்கையும் பெறுவர் என்பதும் அங்கே காணப்படும். எழுதப்பட்டவர்க்குப் பங்கு உறுதியாயிற்று. அக்கற்களைச் சுமந்து மேலேற்றிய எண்ணற்றவர்க்கு அத்தகைய பட்டியல் இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன்னும் இன்றும் உரிமை பெயரெழுத்தைப் பற்றியே நிற்கின்றது.

இனி இவ்வுதவி பிறந்த வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். இங்கிலாந்து தேசத்தில் 1911ஆம் ஆண்டில் தேசியக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. கட்டடம், கப்பல் கட்டுதல், பொறித்தொழில் முதலிய சில தொழில்களில் உழைப்போர்க்கு வேலையிழந்த காலத்தில் வாரம் 7 ஷில்லிங்கு, ஆண்டில் 15 வாரம் வரை அளிக்க அச்சட்டம் வழிசெய்தது. தொழிலாளிக்கு ஒரு புத்தகம் உண்டு. முதலாளி வாரந்தோறும் அதில் முத்திரைத் தலை ஒட்டுவார். ஒட்டிய தலைகளின் தொகையே உதவியின் அளவை உறுதிசெய்தது. அந்நாட்டிலும் பயிர்த்தொழிலாளர் தொடக்கத்தில் விலக்கப்பட்டு, 1936ஆம் ஆண்டிலேயே சேர்க்கப்பட்டனர். இந்தியாவில் பேராசிரியர் பி. பி. அடார்க்கர் 1944ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையின் வழி 1948ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24ஆம் நாள் கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் தொடங்கிற்று. நம் மாநிலத்தில் 1955ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் முதற்கண் நிறுவப்பட்டது. அதில் நோய்க்கும் மகப்பேற்றுக்கும் வேலையில் நேர்ந்த காயத்திற்கும் உதவி இருந்தது. வேலையிழப்புக்கு நெடுங்காலம் எவ்வுதவியும் இல்லை.

2005 ஏப்பிரல் 1ஆம் நாள் இராஜீவ்காந்தி சிரமிக் கல்யாண் யோஜனா என்னும் திட்டம் வந்து அக்குறையை ஒருவாறு நீக்கிற்று. ஆனால் அது ஆலை மூடப்படுதல், ஆட்குறைப்பு, வேலைக்குத் தொடர்பில்லாத காயத்தால் நேர்ந்த நிலையான ஊனம் ஆகிய காரணங்களால் வேலையிழந்தவர்க்கே உரியது. ஒப்பந்தத் தொழிலாளர்க்கு இதில் ஒரு முட்டுக்கட்டை ஏற்பட்டது. 1984ஆம் ஆண்டில் தொழிற்றகராறுச் சட்டத்தில் ஒரு திருத்தம் புகுந்தது. குறித்த காலத்து ஒப்பந்தம் முடிந்து அது புதுப்பிக்கப்படாமையால் ஒருவன் வேலை நீங்கினால் அஃது ஆட்குறைப்பு ஆகாது என்று அத்திருத்தம் கூறிற்று. வேலை போனது உண்மை. சோறு போனது உண்மை. ஆயினும் சட்டத்தின் கண்ணுக்கு அவன் ஆட்குறைக்கப்பட்டவன் அல்லன். ஒரு சொல்லின் வரையறை ஒருவன் வாழ்வை எங்ஙனம் அளக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

2018 ஜூலை 1ஆம் நாள் முதல் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்னும் வேறொரு திட்டம் வந்தது. இதில் ஆட்குறைப்பு என்னும் சொல்லின் கட்டு இல்லை. காப்பீடு பெற்ற தொழிலாளி வேலையிழந்தால், அவன் சராசரி நாட்கூலியில் நூற்றுக்கு 25 விழுக்காடு, வாழ்நாளில் 90 நாட்களுக்கு மேற்படாமல் அளிக்கப்படும் என்பது முதல் விதி. 2020ஆம் ஆண்டில் நோய்த்தொற்றின்போது இவ்விகிதம் 50 விழுக்காடாக உயர்ந்தது. வேலையிழந்து 90 நாட்கள் காத்திருத்தல் வேண்டும் என்பது 30 நாட்களாகக் குறைந்தது. முன்னர் இறுதியாக வேலை தந்த முதலாளியின் வழியே விண்ணப்பம் வரவேண்டியிருந்தது. அதன்பின் தொழிலாளியே கிளை அலுவலகத்தில் நேரே கொடுக்கலாம் என்றாயிற்று. ஒப்பந்தக்காரர் இடம் மாறிப்போன பின் அவரைத் தேடி அலைந்தோர்க்கு இம்மாற்றம் பெருநன்மையாகும். ஒப்பந்தத் தொழிலாளன் என்னும் ஒரு காரணத்தால் மட்டும் ஒருவனை விலக்கும் சொல் இத்திட்டத்தில் இல்லை. இதனை அழுத்திச் சொல்லுகின்றோம். 'காண்டிராக்டு ஆட்களுக்கு இது கிடையாது' என்று ஊரில் வழங்கும் பேச்சு பொருளற்றது. இத்திட்டம் காலவரையறையோடு வகுக்கப்பெற்று அவ்வப்போது நீட்டிக்கப்பெற்று வந்தது. ஆதலின் விண்ணப்பிப்பார் அன்றைய நிலையைக் கிளை அலுவலகத்தில் வினவித் தெளிக.

தகுதிகளை இனி வரிசைப்படுத்துவோம். 2020ஆம் ஆண்டின் தளர்த்திய விதிப்படி, வேலையிழக்கும் முன் குறைந்தது ஈராண்டு காப்பீடு பெற்ற பணியில் இருந்திருத்தல் வேண்டும். ஏப்பிரல் முதல் செப்டம்பர் முடிய ஒரு சந்தாப் பருவம்; அக்டோபர் முதல் மார்ச்சு முடிய மற்றொரு பருவம்; ஆக ஈராண்டில் நான்கு பருவங்கள். வேலையிழப்புக்கு அணித்தாக முந்திய பருவத்தில் 78 நாட்களுக்குக் குறையாமலும், ஏனைய மூன்று பருவங்களுள் யாதானும் ஒன்றில் 78 நாட்களுக்குக் குறையாமலும் சந்தா செலுத்தப்பட்டிருத்தல் வேண்டும். ஒழுங்கீனத்தால் நீக்கப்பட்டவரும், ஓய்வு வயதடைந்தவரும், தாமே விரும்பி விலகியவரும் இதற்கு உரியரல்லர். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் காப்பீட்டு எண்ணோடு இணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். 2017 முதல் திங்கட்கூலி 21,000 ரூபாய் வரை உள்ளாரே இக்காப்பீட்டில் அடங்குவர் என்னும் வரம்பும், பத்துப் பேர்க்குக் குறையாது உழைக்கும் நிலையம் என்னும் வரம்பும் நினைவில் இருத்தற்குரியன.

கணக்கொன்று காட்டுவோம். ஒருவன் சராசரி நாட்கூலி 400 ரூபாய் என்று கொள்க. அதிற் பாதி 200. தொண்ணூறு நாட்கட்கு 18,000 ரூபாய். நம் ஊர்க் குடும்பமொன்றுக்கு அரிசியும் பருப்பும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் வாங்கிக் கடன்காரனை வாயிலில் நிறுத்தாமற் காக்க இத்தொகை போதுமானதன்றாயினும், வட்டிக்கு ஓடுவதை மூன்று திங்கள் தடுக்கும்.

தகுதி இவ்வாறிருக்க, ஒப்பந்தத் தொழிலாளர் எவ்விடத்தில் வழுக்கி விழுகின்றனர்? யாம் கண்டறிந்தவை நான்கு.

முதலாவது, பெயர் பதியாமை. இருபது பேர் உழைக்கும் இடத்தில் எட்டுப் பேரை மட்டும் ஏட்டிற் காட்டுதல். ஏட்டில் வேலையாளாக எழுதப்படாதவன் வேலையிழந்தவனாகவும் எண்ணப்படான். இருந்ததே பதியாதபோது இழந்ததை எவர் நம்புவார்?

இரண்டாவது, எண் மாறுதல். காப்பீட்டு எண் ஒருவனுக்கு வாழ்நாள் முழுதும் ஒன்றே. ஒப்பந்தக்காரர் மாறுந்தோறும் பழைய எண்ணையே அவர் பயன்படுத்துதல் வேண்டும். அங்ஙனமின்றிப் புதிய எண் வாங்கிவிட்டால் ஈராண்டுத் தொடர்ச்சி துண்டு துண்டாகச் சிதறும். யாம் படிப்பித்த மாணவன் ஒருவன் விடுதியொன்றில் ஐந்தாண்டுகள் ஒரே மாடியில் உழைத்தான். அவ்வைந்தாண்டில் ஒப்பந்தக்காரர் நால்வர் மாறினர். அவனுக்கு எண்களும் நான்காயின. வேலை போனபின் அவன் கையில் நான்கு அட்டைகள் இருந்தன. உதவி பெறத்தக்க தொடர்ச்சி ஒன்றிலும் இல்லை. ஐந்தாண்டு உழைத்தவனை ஏடு நான்கு புதியவர்களாகக் காட்டிற்று. அவன் நெடுநாள் அலைந்து பயனின்றித் திருப்பூருக்குப் போய்விட்டான். இன்று இப்பொருளை யாம் எடுத்தமைக்கு அவனும் ஒரு காரணம்.

மூன்றாவது, நாட்குறைவு. விழாக் காலத்திற்கு மட்டும் ஆள் வைத்தல் நம் ஊர் வழக்கம். பெருவிழா பதினொரு நாட்கள். அதன் முன்னும் பின்னும் சேர்த்தாலும் ஒரு திங்களுக்கு மேற்படுதல் அரிது. 78 நாட்கள் என்னும் அளவு அத்தகையோர்க்கு எட்டாத கொம்பு. ஆண்டு முழுதும் உழைப்போர்க்கும் நாட்களைக் குறைத்து எழுதுதல் உண்டு. இருபத்தாறு நாள் உழைத்தவனுக்குப் பத்து நாள் எழுதினால் சந்தா குறையும், ஒப்பந்தக்காரர்க்கு இலாபம். தொழிலாளிக்கு ஆறு திங்களில் 78 என்பது 60 ஆகிவிடும்.

நான்காவது, நீங்கிய காரணம். திங்கட் சந்தாக் கணக்கில் ஒருவன் பெயர்க்கு நேரே நாட்கள் இல்லையாயின் அதன் காரணத்தைக் குறித்தல் வேண்டும். வேலையில்லை என்பது ஒரு குறி. வேலையை விட்டார் என்பது வேறொரு குறி. முன்னையது உண்மையாயிருக்கப் பின்னையதைக் குறித்தால், தானே விலகியவன் என்னும் கருத்துக்கு இடமாகும். இனி, கணக்கு முடிக்கும்போது வெற்றுத் தாளிற் கையொப்பம் வாங்கி, அதன்மேல் தாமே விலகியதாக எழுதிக்கொள்ளும் தீய வழக்கமும் சிலரிடம் உண்டு. ஆதலின் எழுத்தறியாதாரும் எழுத்தறிந்தாரும் வெற்றுத் தாளிற் கையொப்பமிடற்க.

இந்நான்கும் நிகழாமற் காப்பவர் யார்? இவ்விடத்தில் நம் சங்கத்தாரை நோக்கி ஒரு சொல் கூறக் கடமைப்பட்டுள்ளோம். அது கசப்பாயினும் பொறுத்தருள்க. நம் சமூகத்தில் துப்புரவு செய்வோரும் காவல் காப்போரும் உளர். விடுதி உடையாரும் ஒப்பந்தம் எடுப்பாரும் உளர். இருசாராரும் இதே பந்தலில் அமர்ந்து ஒரே பந்தியில் உண்கின்றனர். சங்கத்திற்கு ஆயிரம் ரூபாய் நன்கொடை தரும் ஒருவர் தம் ஆட்களின் சந்தாவைச் செலுத்தாதிருப்பின், அந்நன்கொடையால் நமக்குப் புகழில்லை. தம் குலத்தான் ஒருவன் திருமணத்திற்கு மொய் எழுதுதல் எளிது. அவன் பெயரைக் காப்பீட்டு ஏட்டில் எழுதுதலே அரிதாயிருக்கின்றது.

செலவு மிகுதி என்று முதலாளிகள் கூறுவர். அதனையும் கணக்கிட்டுப் பார்ப்போம். 2019 ஜூலை முதல் விதித்த விகிதப்படி முதலாளி பங்கு நூற்றுக்கு 3.25, தொழிலாளி பங்கு 0.75. திங்கட்கூலி 15,000 ரூபாய் என்றால் முதலாளி தருவது ஏறத்தாழ 488 ரூபாய்; தொழிலாளி தருவது ஏறத்தாழ 113 ரூபாய். பத்து ஆட்களுக்கு முதலாளி திங்களொன்றுக்குத் தருவது ஐயாயிரத்திற்கு உட்பட்டது. இத்தொகைக்குத் தொழிலாளியும் அவன் குடும்பமும் மருத்துவ உதவி பெறுகின்றனர். நோயுற்ற நாட்கட்குப் பணம் உண்டு. பெண் தொழிலாளர்க்கு 26 வார மகப்பேற்று உதவி உண்டு. வேலையில் காயமுற்றால் உதவி உண்டு. வேலையிழப்பு உதவி இவற்றோடு வருவது. ஆள் காயமுற்று விழுந்த நாளில் முதலாளி தம் கைப்பணத்தைக் கொட்டுவதினும் இது குறைந்த செலவே. தொழிலாளி கூலியிற் பிடித்த பங்கைச் செலுத்தாது வைத்துக்கொள்ளுதல் குற்றவியற் சட்டத்தின்படி நம்பிக்கை மோசடியாகும் என்பதையும் அவர்கள் மறத்தலாகாது.

தொழிலாளர்க்கும் சில கூறுவோம். புதிய சட்டத் தொகுப்பின்படி வேலையாள் ஒவ்வொருவர்க்கும் நியமனக் கடிதம் தருதல் வேண்டும். அதனைக் கேட்டு வாங்குக. காப்பீட்டு எண்ணை எழுதி வீட்டில் வைத்துக்கொள்க. ஒப்பந்தக்காரர் மாறியவுடன் அவ்வெண்ணையே அவரிடம் கொடுக்க. ஆறு திங்களுக்கு ஒருமுறை கழகத்தின் இணையப் பக்கத்தில் உமது நாட்கள் ஒழுங்காக ஏறியுள்ளனவா என்று பார்க்க. ஏறவில்லையாயின் உடனே கிளை அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிடுக. முதலாளி செலுத்தத் தவறியமையால் தொழிலாளியின் உரிமை குறைந்தால், கழகம் அவனுக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 68ஆம் பிரிவு இடந்தந்தது. முறையீடு இல்லாத இடத்தில் சட்டம் தானே நடந்து வாராது. மற்றொரு மயக்கத்தையும் நீக்குவோம். ஒப்பந்தத் தொழிலாளர் ஒழுங்குமுறைச் சட்டம் 1970ஆம் ஆண்டில் இருபது பேர் என்று வைத்த வரம்பு, புதிய தொகுப்பில் ஐம்பதாக உயர்ந்துவிட்டது. அது வேறு, காப்பீட்டுக்குரிய பத்துப் பேர் என்னும் வரம்பு வேறு. 'ஐம்பது பேர் இல்லை, ஆதலால் ஈ.எஸ்.ஐ. இல்லை' என்று கூறுவாரை நம்பற்க.

இவ்வளவும் கூறியும், இக்காப்பீட்டின் வேலிக்கு வெளியே நிற்போர் நம்மில் மிகப் பலர். வயலில் உழைப்போர் உளர். ஐந்தாறு பேர் மட்டும் வேலை செய்யும் சிற்றுண்டிச் சாலையார் உளர். மெழுகுவர்த்தியும் பூவும் தெருவில் விற்போர் உளர். விழாவுக்கு மட்டும் வருவோர் உளர். இவர்கட்கு வேலையிழப்புக் காப்பீடு என்பது இன்னும் இல்லை. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்க்கென 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நல வாரியங்கள் அமைந்துள்ளன. அவற்றில் பதிந்தால் மருத்துவம், கல்வி, திருமணம், ஓய்வூதியம் முதலியவற்றுக்கு உதவி உண்டு. அதனைப் பெறுதற்கும் பதிவே வாயில். கடலிற் செல்வார்க்குத் தடைக்காலத்திற்கு நிவாரணம் உண்டென்றால், விழாவும் அறுப்பும் முடிந்தபின் வேலையற்றிருப்பார்க்கும் அத்தகைய ஒன்று வேண்டும் என்று கேட்டல் முறையே. இதனை அரசுக்கு விண்ணப்பமாக எழுதுதல் நம் சங்கத்தின் கடமை.

ஆகவே சங்கத்தார் மேற்கொள்ளத்தக்கவை மூன்று என்று பணிவுடன் கூறுகின்றோம். படித்த இளைஞர் இருவரை அமர்த்தித் திங்கள்தோறும் கூட்டநாளில் உறுப்பினரின் காப்பீட்டு எண்ணையும் சந்தா நாட்களையும் பார்த்து ஒரு பேரேட்டில் எழுதிவைத்தல் ஒன்று. நம் சமூகத்து முதலாளிகளும் ஒப்பந்தக்காரரும் தம் ஆட்கள் அனைவர் பெயரையும் பதிந்தோம் என்று ஆண்டுதோறும் அவைமுன் சொல்லுதல் இரண்டு. காப்பீட்டுக்கு வெளியே நிற்போர்க்காக, அவரவர் இயன்றது போட்டு எடுக்கும் பரஸ்பர நிதியொன்றைச் சிறிய அளவில் தொடங்குதல் மூன்று. கும்பகோணத்தார் 1904ஆம் ஆண்டிலேயே தம் ஊர்ப் பணத்தைத் திரட்டி வங்கியொன்றை நிறுவிய காவிரி நாடு இது. சிறு நிதியொன்று நமக்கு அரிய செயலன்று.

நிலத்தின் பட்டாவைப் பெட்டியிற் பூட்டி வைக்கும் நாம், உழைப்பின் பட்டாவைக் கவனியாது விட்டோம். காப்பீட்டு எண்ணும் நியமனக் கடிதமும் எழுபத்தெட்டு நாட் கணக்குமே நிலமில்லாதவனின் பட்டா. நம் சங்கத்தின் முதற்பேரேடு அடுத்த திங்கட் கூட்டத்திற்கு முன் தொடங்கப்படுமாயின், அதில் எழுதப்படும் ஒவ்வொரு பெயரும் ஒரு குடும்பத்திற்குக் காவலாகும். அதற்கு வேண்டிய எழுத்து வேலையை எம் மாணவருடன் சேர்ந்து செய்து தர யாம் ஒருப்படுகின்றோம்.  உழைப்போர் வாழ்க, உழைப்பிப்போர் நெறியில் நிற்க.